கேழ்வரகு அறுப்பு முடிஞ்சதும் குவேக்கர் ஸ்டைல்ல நன்றி சொல்றது எப்படி?

கோஸ்டா ரிகா மலையில மான்டெவெர்டேன்னு ஒரு ஊர், 1951ல அமெரிக்காவுலேர்ந்து ராணுவமே வேணாம்னு கிளம்பின குவேக்கர்ங்கற கிறிஸ்தவ பிரிவு குடும்பங்க குடியேறின இடம். அவங்க கும்பிடற முறைய நம்ம தர்மபுரி பக்கமும் பண்ணலாம், பூசாரியே தேவையில்ல. களத்துல பாய் விரிச்சு வட்டமா உக்காருங்க, போனெல்லாம் சைலன்ட்ல போட்டுட்டு அரை மணி நேரம் அமைதியா இருங்க (பெருசுங்க இருமறத கண்டுக்காதீங்க), மனசுல ஏதாவது தோணுனா மட்டும் எழுந்து பேசலாம். ஒருத்தர் பேசினா பதில் சொல்லக்கூடாது, அடுத்தவர் உடனே ஆரம்பிக்கவும் கூடாது, நம்மாளுங்களுக்கு இதான் ரொம்ப கஷ்டம். கடைசில பக்கத்துல இருக்கறவங்க கைய குலுக்கினா முடிஞ்சது.

அப்புறம் அறுப்புக்கு கைகொடுத்தவங்க வீட்டுக்கு ரெண்டு படி கேழ்வரகு, கொஞ்சம் அவரக்கா, மைக்ல பேர் படிக்காம குடுத்துருங்க. தூக்குல வேணாம், பையில குடுங்க, காலி தூக்க திருப்பி அனுப்ப மனசு வராம அவங்க எதையாவது தேடிட்டு நிப்பாங்க.