குளிர்காலச் சளியும் மகளின் மூக்கடைப்பும்: என் அனுபவம்

குளிர்காலம் தொடங்கியதும் எங்கள் இளைய மகளுக்குச் சளி பிடித்துவிடும். பகலில் விளையாட்டில் அதை மறந்திருப்பவள், இரவில் மூக்கடைத்து, மூச்சுவிடச் சிரமப்பட்டு அழுதபடி எழுவாள். சளியை உண்டாக்குபவை வைரஸ்கள் என்பதால் ஆன்டிபயாட்டிக் பயன்படாது என்று விளக்கிய குழந்தை மருத்துவர், 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டுகளைப் பரிந்துரைத்தார்.

படுக்கவைப்பதற்குச் சற்று முன் அவளை மடியில் மல்லாக்கக் கிடத்தி, ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டு விட்டு, சளி இளகும்வரை சிறிது நேரம் காத்திருந்து, பிறகு ரப்பர் குமிழால் மெதுவாக உறிஞ்சி எடுப்பேன். பால் குடிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுக்கக்கூடும். தொடக்கத்தில் முரண்டு பிடித்தவள், தன் பொம்மைக்குச் சொட்டு விடும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்த பிறகு இணங்கினாள். மருந்தைவிட அந்த விளையாட்டே எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது என்பேன்.

இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டி தேன் கொடுத்தோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது; அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் பொட்டுலிசம் என்னும் கடுமையான நோயை உண்டாக்கலாம். மூச்சுவிடும்போது விலாப்பகுதி உள்வாங்கினாலோ உதடுகள் நீலம் பாரித்தாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.