கண்ணாடி டம்ளரில் வெள்ளை வளையமா?

போர் தண்ணீரில் கழுவிய கண்ணாடி டம்ளரை அப்படியே கவிழ்த்துவைத்தால், காய்ந்ததும் புள்ளி புள்ளியாய் உப்புக்கறை தெரியும். உற்றுப் பாருங்கள்: நடுவில் லேசாகவும், ஓரத்தில் கோடு போட்டதுபோல் அழுத்தமாகவும் இருக்கும். மேசையில் சிந்திய காபியும் இப்படித்தான் காயும்.

காரணத்தை 1997-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பில் ஒட்டிக்கொண்டு நகராது. மெல்லிய அந்த ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகும். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும். கூடவே துகள்களையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும்.

ஆகவே துளியைத் தானாகக் காய விடாதீர்கள். கழுவிய கையோடு பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். குளியலறைக் கண்ணாடிக்கு ரப்பர் வைப்பர் போதும். உச்சி வெயிலில் கார் கழுவுவது வீண் வேலை; துணியை எடுப்பதற்குள் காய்ந்துவிடும்.

ஏற்கெனவே படிந்தது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவு, சோப்புக்கு மசியாது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை நனைத்துப் பத்து நிமிடம் போர்த்திவைத்தால் இளகும். பிறகு அலசி, உடனே துடையுங்கள். மார்பிள் பக்கம் மட்டும் வினிகரைக் கொண்டுபோகாதீர்கள், கல்லையே அரித்துவிடும்.