கறுப்பின மக்களும் யூதர்களும்: இந்த வரலாற்றை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் கறுப்பின மக்களும் யூதர்களும் சேர்ந்து நின்ற கதையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஜூலியஸ் ரோசன்வால்டில் தொடங்குவார்கள். சிகாகோ யூதர், சியர்ஸ் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் தலைவர், பெரும் பணக்காரர். தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 5,000 பள்ளிகளைக் கட்டிக் கொடுத்தார் என்று எழுதிவிடுவார்கள். முதல் தவறு இங்கேதான்.

அவர் போட்டது ஒரு பங்கு. யோசனை, அடிமையாகப் பிறந்த கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனுடையது. 1912-இல் அலபாமாவில் ஆறு பள்ளிகளுக்கென ஆரம்பித்து 1932 வரை திட்டம் நடந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் பங்கைத் திரட்டினால்தான் ரோசன்வால்டு பணம் வரும். கடைசியில் கணக்குப் பார்த்தால் கறுப்பின மக்கள் கொடுத்தது சுமார் 47 லட்சம் டாலர், ரோசன்வால்டு தரப்பு கொடுத்தது சுமார் 43 லட்சம். மீதி பெரும்பாலும் அரசுப் பணம். இத்தனைக்கும் அந்தக் கறுப்பின மக்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள்; அந்த வரியில் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்குப் போனது. நிலமும் மரமும் உடலுழைப்பும் வேறு கொடுத்தார்கள். பருத்திக் காட்டில் ஒரு துண்டைப் பள்ளிக்கென்றே ஒதுக்கி விதைத்தார்கள். அலபாமாவில் நடந்த ஒரு கூட்டத்தில், அடிமைக் காலத்தைப் பார்த்திருந்த முதியவர் ஒருவர் எண்ணெய்ப் பிசுக்கேறிய பையைக் கவிழ்த்து 38 டாலரை மேசையில் கொட்டினார். அவருடைய ஆயுள் சேமிப்பே அவ்வளவுதான். அந்தப் பை இல்லாமல் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

இதனால் ரோசன்வால்டின் மதிப்பு ஒன்றும் குறையாது. தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் நிதி முழுவதையும் செலவழித்து முடித்துவிட வேண்டும் என்று சொன்ன மனிதர் அவர்.

அடுத்தது 1964 மிசிசிப்பி கொலைகள். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்யப் போன நியூயார்க் யூத இளைஞர்கள் ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் இருவரின் தியாகமாகவே இது சொல்லப்படுகிறது. அவர்களோடு கொல்லப்பட்ட ஜேம்ஸ் சேனி 'உடன் சென்றவர்' ஆகிவிடுகிறார். உண்மையில் சேனிதான் உள்ளூர்க்காரர், மெரிடியன் நகரத்துக் கறுப்பின இளைஞர், வயது 21. குட்மேன் மிசிசிப்பிக்கு வந்தே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. எரிக்கப்பட்ட ஒரு கறுப்பினத் தேவாலயத்தைப் பார்க்கப் போன மூவரையும் ஜூன் 21 அன்று கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் கொன்றார்கள். நாடே பரபரத்துத் தேடியபோது ஆற்றில் வேறு இரு கறுப்பின இளைஞர்களின் உடல்கள் கிடைத்தன: ஹென்றி டீ, சார்லஸ் மூர். மே மாதமே கொல்லப்பட்ட அவர்களுக்காக அப்படியொரு தேடல் நடக்கவே இல்லை. இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கறுப்பினத்தவர் ஒரு பக்கம், யூதர் ஒரு பக்கம் என்று கோடு போடுவது இன்னொரு தவறு. இரண்டுமாக இருப்பவர்கள் உண்டு. சரி, அவர்களைச் சேர்த்தாயிற்று என்றால், எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். எத்தியோப்பியாவின் பீட்டா இஸ்ரேல் மக்கள் பல நூற்றாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள். வேதத்தைக் கீஸ் என்ற பழைய எத்தியோப்பிய மொழியில் ஓதுபவர்கள். உகாண்டாவின் அபயுதயா மக்கள் 1919-இல் செமெய் ககுங்குலு என்ற தலைவரோடு யூத மதத்தை ஏற்றவர்கள். இஸ்ரேலின் டிமோனாவில் வாழும் ஆப்பிரிக்க எபிரேய இஸ்ரவேலரோ சிகாகோவிலிருந்து லைபீரியா வழியாக 1969-இல் வந்து சேரத் தொடங்கியவர்கள்.

பீட்டா இஸ்ரேல் பற்றி எழுதுபவர்கள் 1991 மே மாதத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். 36 மணி நேரத்துக்குள் 14,000-க்கும் மேற்பட்டோரை அடிஸ் அபாபாவிலிருந்து இஸ்ரேலுக்கு விமானங்களில் கொண்டுவந்த சாலமன் நடவடிக்கை விறுவிறுப்பானதுதான். அதற்கு முன் இஸ்ரேல் போவதற்காகச் சூடானுக்கு நடந்தே போன வழியிலும் அங்கிருந்த முகாம்களிலும் ஆயிரக்கணக்கானோர் செத்ததை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டாமா? வந்து சேர்ந்த பிறகு நடந்ததும் வரலாறுதான். எத்தியோப்பிய யூதர்கள் கொடுத்த ரத்தத்தை இஸ்ரேலின் ரத்த வங்கி அவர்களிடம் சொல்லாமலே கொட்டிவந்தது என்பது 1996 ஜனவரியில் வெளியே வந்தது. ஜெருசலேமில் பிரதமர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கில் திரண்டு போராடினார்கள்.