மலைக்குளிரில் ஹேமக்: தார்ப்பாய் கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். அந்தப் பழக்கத்தில் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ ஹேமக்கை (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்குபடுக்கை) தூக்கிக்கொண்டு போகிறவர்கள், அதற்கு மேலே கட்டும் தார்ப்பாயைக் கல்யாணப் பந்தல் உயரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். தூறலுக்கு அது போதும், காற்றுக்கு உதவாது.

ஆள் படுத்தபின் ஹேமக்கின் அடி தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி இருந்தால் சரி. தார்ப்பாயின் நடுக்கயிறு ஹேமக்கின் இரு முனைகளுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஓடட்டும். காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தரையை ஒட்டி இறக்கி, முளையைப் பாய்க்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். மறுபக்கம் கொஞ்சம் உயரமாக இருக்கலாம்.

திசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தலைமாடு கால்மாடு வழியாகக் காற்று புகும்படி கட்டினால், பாய்க்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை தயார். பாயின் நீளமான சரிவுப் பக்கம்தான் காற்றை வாங்க வேண்டும். இதில் இன்னொரு சூட்சுமம்: மலைச்சரிவில் பகலில் காற்று மேல்நோக்கி ஏறும், இருட்டியபின் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கும். நாலு மணிக்குப் பார்த்த திசையை நம்பிக் கட்டினால் ராத்திரி அது முதுகுப் பக்கமாக வரும். சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை போகும் போக்கைப் பாருங்கள். பள்ளத்தின் அடியில் இடம் பிடிக்கவே வேண்டாம், குளிர் அங்கேதான் தேங்கும்.

அளவு: 11 அடி ஹேமக்குக்கு 12க்கு 10 பாய் வேண்டும். எட்டடிப் பாயில் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாரிமுனையில் வாங்கும் நீலப் பாயே போதும், கனம்தான் அதிகம். ஆனால் அதன் ஓரத்து வளையங்கள் பலமான காற்றில் பிய்ந்துவிடும். மூலையில் ஒரு கூழாங்கல்லை வைத்துப் பாயோடு சுற்றி, அந்தக் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இழுங்கள். நைலான் பாய் என்றால் பனி ஈரத்தில் தொய்ந்து படபடவென்று அடிக்கும். படுக்கும் முன் ஒருமுறை இழுத்துக் கட்டியே ஆக வேண்டும்.

பாய் காற்றைத் தடுக்கும், சூடு தராது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பாகம் உடல் எடையில் நசுங்கிவிடுவதால், கீழே தவழும் லேசான காற்றுகூட முதுகுச் சூட்டை உறிஞ்சிவிடும். ஹேமக்குக்கு அடியில் கட்டும் அண்டர்குவில்ட் (பஞ்சடைத்த போர்வை மாதிரி) இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உள்ளே ஒரு ஃபோம் மேட்டாவது போடுங்கள்.

யூகலிப்டஸ் மரத்தில் கட்டாதீர்கள், காற்றில் கிளை முறிந்து விழும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கவே முடியாது.

நாலு பக்கமும் இறுக மூடினால் மூச்சின் ஈரம் பாயின் உட்புறம் படிந்து விடியற்காலையில் மேலே சொட்டும். காற்றுக்கு மறைவான பக்கம் ஒரு கை அகலம் திறந்திருக்கட்டும். மூடிய பாய்க்குள் ஸ்டவ், கரி அடுப்பு எதையும் பற்றவைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.