சராசரி 4.1, உங்களுக்கு 3.4: படத்தின் ரேட்டிங்கைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்த்த படங்களுக்கு ஸ்டார் கொடுத்து, அடுத்து என்ன பார்க்கலாம் என்று பரிந்துரை பெறும் மூவிலென்ஸ் போன்ற தளத்தில் ஒரு படத்தைத் திறந்தால் இரண்டு எண்கள் கண்ணில் படும். ஒன்று, படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கொடுத்த ஸ்டார்களின் சராசரி. இன்னொன்று, நீங்கள் பார்த்தால் எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்ற கணிப்பு. சராசரி 4.1, கணிப்பு 3.4 என்று இருந்தால் பெரும்பாலோர் 'சரி, இது நமக்கு ஒத்துவராது' என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். நல்ல படங்கள் கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இதை முதலில் பார்த்துவிடுவோம்.

கணிப்பைச் சராசரியோடு ஒப்பிடுவது

கணிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு தானாகவே விலகும். அதன் எளிய வடிவம் வெறும் கூட்டல் கணக்கு. ஒரு தளத்தில் எல்லாப் படங்களுக்கும் எல்லோரும் கொடுத்த ரேட்டிங்குகளின் பொதுச் சராசரி 3.6 என்று வைத்துக்கொள்வோம். நாம் பார்க்கும் படம் அதைவிட 0.5 கூடுதலாக வாங்கியிருக்கிறது, அதாவது 4.1. நீங்களோ ஸ்டார் கொடுப்பதில் கொஞ்சம் கறார், மற்றவர்களைவிட 0.9 குறைத்தே கொடுக்கிறவர். உங்கள் வழக்கமான அளவு 2.7. இப்போது கூட்டிப் பாருங்கள்: 3.6 + 0.5 − 0.9 = 3.2. அதன்பின் உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள் இந்தப் படத்துக்கு எப்படிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து, தளம் இன்னும் 0.2 சேர்க்கிறது. ஆக, 3.4.

இந்த 3.4, உங்கள் வழக்கமான 2.7-ஐவிட 0.7 அதிகம். ஊருக்கு இந்தப் படம் வழக்கத்தைவிட 0.5 மேலே; உங்களுக்கு 0.7 மேலே. அப்படியென்றால் இது மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதலாகப் பிடிக்க வாய்ப்புள்ள படம். 4.1-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் சுமாராகத் தெரிந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. பார்த்த படத்துக்கெல்லாம் நாலரை கொடுக்கிறவருக்கு 4.2 என்று கணிப்பு வந்தால், பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவர் அளவுகோலில் அது சராசரிக்கும் கீழே. உங்கள் சொந்தச் சராசரி எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை நம்புவது

3.9 வந்த படத்தைப் பார்ப்பதா, 3.8 வந்த படத்தைப் பார்ப்பதா என்று குழம்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நெட்ஃப்ளிக்ஸ் நடத்திய போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006 அக்டோபரில், தன்னுடைய 'சினிமேட்ச்' என்ற கணிப்பு முறையை 10 சதவீதம் மேம்படுத்துகிறவர்களுக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று அந்த நிறுவனம் அறிவித்தது. 4,80,189 பேர் 17,770 படங்களுக்குக் கொடுத்த 10 கோடிக்கும் அதிகமான ரேட்டிங்குகளைப் போட்டியாளர்களிடம் தந்தது.

பிழையை அளக்க, பெரிய தவறுகளுக்குக் கூடுதல் கனம் கொடுக்கும் ஒரு கணக்கு முறை இருந்தது. ஒவ்வொரு படத்தின் சராசரியையே எல்லோருக்கும் கணிப்பாகச் சொன்னால் பிழை சுமார் 1.05 ஸ்டார். சினிமேட்சுக்குச் சுமார் 0.95. ஏறத்தாழ மூன்று வருடப் போட்டிக்குப் பிறகு, 2009-இல் வென்ற குழு எட்டியது 0.8567. ஐந்து ஸ்டார் அளவுகோலில், அவ்வளவு மூளைகள் சேர்ந்து உழைத்த பிறகும் இவ்வளவு பிழை மிச்சம் இருந்தது. அப்படியிருக்க, 3.8-க்கும் 3.9-க்கும் நடுவே என்ன வித்தியாசத்தைப் பார்ப்பது? அரை ஸ்டாருக்கும் குறைந்த இடைவெளியை நான் கண்டுகொள்வதே இல்லை.

இதே எண்களில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சராசரிக்கும் வென்ற முறைக்கும் உள்ள இடைவெளி வெறும் 0.2 ஸ்டார்தான். 'ஊர் ரேட்டிங் எல்லாம் குப்பை, எனக்கான கணிப்பு மட்டும் போதும்' என்று சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் படத்துக்குத் தனிக் கணிப்பு பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. கருத்துகள் இரண்டாகப் பிரியும் படத்துக்குத்தான் அது கைகொடுக்கும்.

மிச்சமிருக்கும் பிழையில் நம் பங்கும் உண்டு. அதே படத்துக்கு ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்டார் கொடுக்கச் சொன்னால் நாமே வேறு எண்ணைக் கொடுக்கிறோம். நாமே நிலையாக இல்லாதபோது எந்தக் கணக்கு நம்மைத் துல்லியமாகப் பிடிக்கும்?

சராசரிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது

பத்துக்கு மதிப்பெண் போடும் தளத்தில் ஒரு படத்துக்குப் பாதிப் பேர் 10, மீதிப் பேர் 1 கொடுத்தால் சராசரி 5.5. அந்த 5.5-ஐ ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. எந்த எண்ணுக்கு எத்தனை பேர் என்று பட்டைகளாகக் காட்டும் இடத்தைத் திறந்து பாருங்கள். நடுவில் குவிந்திருந்தால் சுமாரான படம். இரண்டு ஓரங்களில் குவிந்திருந்தால், நீங்கள் எந்த ஓரம் என்பதுதான் கேள்வி.

எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதும் முக்கியம். 40 பேர் கொடுத்த 9.2-ஐயும் 2 லட்சம் பேர் கொடுத்த 8.4-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஐஎம்டிபி தன் டாப் 250 பட்டியலுக்கு வெறும் சராசரியை எடுத்துக்கொள்வதில்லை. குறைந்தது 25,000 வாக்குகள் வேண்டும். அதற்கு மேலும், வாக்குகள் குறைவான படத்தின் மதிப்பை ஒரு சூத்திரம் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துவிடும். புதிய படம் என்றால் இன்னும் கவனம் தேவை. முதல் சில நாட்களில் வாக்களிக்கிறவர்களில் ரசிகர்களும் எதிரணியினரும்தான் அதிகம்.

சதவீதத்தை மதிப்பெண்ணாகப் படிப்பது

விமர்சகர்களின் கருத்துகளைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 90 சதவீதம் என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு என்று அர்த்தம் இல்லை. பத்தில் ஒன்பது விமர்சகர்கள் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நிற்கிறார்கள், அவ்வளவுதான். நூறு விமர்சகர்களும் 'பரவாயில்லை' என்று முடித்திருந்தாலும் அங்கே 100 சதவீதம் வரும். நெட்ஃப்ளிக்ஸ் 2017-இல் ஸ்டார்களை எடுத்துவிட்டு, பிடித்தது பிடிக்கவில்லை என்று கட்டைவிரலை உயர்த்தியோ தாழ்த்தியோ காட்டும் முறையையும், படம் உங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்ற சதவீதத்தையும் கொண்டுவந்தது. அந்தச் சதவீதம் உங்கள் ரசனையைப் பற்றிய ஊகம். படம் நல்ல படமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

நாமே தளத்துக்குத் தப்பான தகவல் கொடுப்பது

ஒரு தளத்தில் கணக்கு தொடங்கிய அன்றிரவே, நினைவில் இருந்த நாற்பது படங்களுக்கு மளமளவென்று ஸ்டார் கொடுத்தேன். நினைவில் நின்றவை எல்லாம் பிடித்த படங்கள், எல்லாம் நாலும் ஐந்தும். மறுநாள் எந்தப் படத்தைத் திறந்தாலும் நாலுக்குப் பக்கத்திலேயே கணிப்பு வந்தது. எனக்கு எது பிடிக்காது என்று அதற்குத் தெரியவே வாய்ப்பில்லை. பாதியில் நிறுத்திய பத்துப் படங்களைத் தேடிப் பிடித்து ஒன்றும் ஒன்றரையும் கொடுத்த பிறகுதான் எண்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலக ஆரம்பித்தன. பிடிக்காத படத்துக்கு ரேட்டிங் கொடுப்பதை வீண் வேலை என்று நினைக்காதீர்கள்.

மரியாதைக்காக ஸ்டார் கொடுப்பதும் இதே வகைதான். பெரியவர்கள் கொண்டாடும் படம், ஆனால் நமக்குத் தூக்கம் வந்தது. அதற்கு ஐந்து கொடுத்தால், அதே மாதிரி இன்னும் பத்துப் படங்களைத் தளம் நம் முன்னால் கொண்டுவந்து வைக்கும். படம் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டு ஸ்டார் கொடுக்காதீர்கள். நீங்கள் எவ்வளவு ரசித்தீர்கள் என்று கேட்டுக் கொடுங்கள். அப்புறம், வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் படம் பார்த்தால் கணிப்பு யாருக்கும் உதவாது. தனித்தனிப் புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. 2003-இல் மூவிலென்ஸ் பயனர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், வேண்டுமென்றே கூட்டியோ குறைத்தோ காட்டிய கணிப்புகளைப் பார்த்தவர்கள் தங்கள் ரேட்டிங்கையும் அந்தப் பக்கமே நகர்த்தினார்கள். காட்டிய எண் நம் கருத்தாக மாறி, அதுவே மறுபடி தளத்துக்குள் போய்ச் சேருகிறது. இதைப் படித்த பிறகு என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். படம் முடிந்ததும் என் ஸ்டாரை ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறேன்; மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தளத்தைத் திறப்பதெல்லாம் அதன் பிறகுதான்.