சாம்பல் தலை வானம்பாடியைக் கண்டுபிடிப்பதும், அதன் கூட்டை உழவிலிருந்து காப்பதும்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் சரணாலயத்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் மூலைக்கரைப்பட்டி பக்கம் வந்ததுமே தண்ணீரைத்தான் தேடுகிறார்கள். வழியில் கிடக்கும் பரம்பையும் (மேட்டுத் தரிசு) செவக்காட்டையும் (செம்மண் காடு) யாரும் நின்று பார்ப்பதில்லை. சாம்பல் தலை வானம்பாடி இருப்பது அங்கேதான். நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை வரைக்கும் மரமில்லாத, புல் கட்டையாக இருக்கிற மேட்டு நிலங்களில் தேடலாம். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது. மரத்தில் வந்து உட்காராது. மேய்வதும் படுப்பதும் கூடு வைப்பதும் தரையில்தான்.

தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கிடைக்காது. காலடிக்கு அருகில் வரும் வரை மண்ணோடு மண்ணாகப் பதுங்கிக் கிடக்கும். அதனால் முதலில் காதைக் கொடுக்க வேண்டும். மாசியிலிருந்து ஆவணி வரை, சூரியன் கிளம்பியதிலிருந்து ஒன்பது மணிக்குள் போங்கள். அதற்குமேல் கானல் ஓடும், தொலைநோக்கியில் உருவம் நடுங்கும். ஆனி, ஆடியில் காற்று பலக்கும் முன்பே போய்விட வேண்டும். பலத்துவிட்டால் குரல் கேட்காது.

ஆண் பறவை சிறகை வேகமாக அடித்து ஒரு பனை உயரம் ஏறும். ஏறியதும் சிறகை மடக்கித் தலைகீழாக விழும். விழுந்த வேகத்திலேயே வளைந்து மேலெழும்பும், மறுபடி விழும். படிப்படியாக இப்படி இறங்கும்போது நீளமான ஒரு சீழ்க்கை கேட்கும். அந்தச் சத்தம் வந்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். கடைசியில் அது வந்து இறங்கும் மண்கட்டியை மட்டும் கண்ணில் வைத்திருங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், முப்பது நாற்பது அடி இடைவெளியும் இருக்கட்டும். இருபது நிமிடம் அசையாமல் இருந்தால் பெண்ணும் பக்கத்தில் நடமாடுவது தெரியும்.

ஆணை அடையாளம் காண்பது சுலபம்: உச்சந்தலை சாம்பல், கன்னம் வெள்ளை, கண் வழியாக ஓடும் பட்டையும் அடிவயிறும் கறுப்பு. பெண்தான் குழப்பும். மண் நிறத்தில் இருப்பதால் பெட்டைச் சிட்டுக்குருவி என்று விட்டுவிடுவார்கள். நடையைப் பாருங்கள். சிட்டுக்குருவி தத்தும், இது குறுகுறுவென்று வளைந்து வளைந்து ஓடும். கால் நீண்டு, வாலை ஆட்டிக்கொண்டிருந்தால் அது நெட்டைக்காலி என்ற வேறு பறவை. புதர் உச்சியிலோ கம்பியிலோ உட்கார்ந்து பாடினால், சிறகில் செம்பழுப்பும் தெரிந்தால், புதர்வானம்பாடி.

கூட்டைத் தேடிப் போகாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புல் குத்துக்கோ மண்கட்டிக்கோ அருகே சின்னக் குழி, உள்ளே புல்லும் மயிரும், விளிம்பில் சிறு கற்கள், இரண்டு மூன்று முட்டை. கூடு என்பது அவ்வளவுதான். தாயும் தகப்பனும் மாறி மாறி 13, 14 நாள் அடைகாக்கும். நம்மூர் வெயிலில் முட்டைக்குக் குளிரைவிடச் சூடுதான் எமன். படம் எடுப்பதற்காக நண்பகலில் நீங்கள் பக்கத்தில் நின்றால், நிழல் கொடுக்க வேண்டிய பறவை திரும்பி வராது, முட்டை கெட்டுப்போகும். தற்செயலாகக் கூடு கண்ணில் பட்டாலும் நிற்காமல், திரும்பாமல், நடந்துகொண்டிருந்த திசையிலேயே கடந்து போய்விடுங்கள். போய்த் திரும்பிய தடத்தில் நாயும் கீரியும் மோப்பம் பிடித்து வந்துவிடும்.

மானாவாரிக் காட்டில் உழவுக்கு முன் கூடு தெரிந்தால் பலர் செய்வது, பக்கத்தில் குச்சி நட்டுத் துணி கட்டுவது. அது காக்கைக்கு வழிகாட்டுவதாகிவிடும். அதற்குப் பதிலாக, உழவுச் சால் போகும் திசையில் கூட்டுக்கு முன்னால் பத்தடி, பின்னால் பத்தடி தள்ளிப் பக்கத்துக்கொரு சாதாரணக் கல்லை வையுங்கள். டிராக்டர் ஓட்டுகிறவரிடம் நேரில் காட்டிச் சொல்லுங்கள். கூட்டைச் சுற்றி ஒரு முழம் மட்டும் விட்டு உழுதால், உழுத மண்ணுக்கு நடுவே அந்தத் திட்டு தனியாகத் துருத்தித் தெரியும். பத்தடி அகலத்தில், வரப்பிலிருந்து வரப்பு வரைக்கும் நீளப் பட்டையாக விட்டால்தான் கூடு மறையும். நான்கு வாரம் கழித்து அந்தப் பட்டையை உழுதுகொள்ளலாம். ஆட்டு மந்தையை இரவில் காட்டில் அடைத்துக் கிடை போடுவதாக இருந்தால், மந்தையை நடத்தும் கீதாரியிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த மூலையை விட்டு மறிக்கச் சொல்லுங்கள். ஆடு வந்து மேய்வதால் கெடுதல் இல்லை. புல் கட்டையாக இருந்தால்தான் இந்தப் பறவையே தங்கும். இரவெல்லாம் மந்தை ஒரே இடத்தில் அடைந்து மிதிப்பதுதான் ஆபத்து.

பரம்பு தரிசாகக் கிடக்கிறது என்று மரக்கன்று நடக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். மரம் வளர்ந்து நிழல் கட்டினால் வானம்பாடி அந்த இடத்தை விட்டுப் போய்விடும். உதவி செய்ய மனமிருந்தால், முளைத்து வரும் சீமைக்கருவேலத்தை ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். அப்போது பெரும்பாலும் கூட்டுக் காலம் முடிந்திருக்கும், கன்றும் ஒரே இழுப்பில் வரும்.