'ரெஸ்டிவ்' என்று வந்தால் சண்டி மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

செய்தி மொழிபெயர்ப்பில் சேர்ந்த புதிதில், பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணம் பற்றிய ஆங்கில ஏஜென்சி செய்தி ஒன்றில் 'ரெஸ்டிவ் ப்ராவின்ஸ்' (restive province) என்று வந்தது. 'ரெஸ்ட்' என்றால் ஓய்வுதானே என்று 'அமைதியான மாகாணம்' என எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் மூத்த உதவி ஆசிரியர் கண்ணில் பட்டது. "அங்க கொந்தளிச்சுக் கிடக்குது, அமைதிங்கிறீங்களே தம்பி" என்றார்.

ஓய்வைக் குறிக்கும் 'ரெஸ்ட்'டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இதன் வேர் லத்தீன் 'ரெஸ்தாரே', அதாவது பின்தங்கி நிற்றல். மீதியைக் குறிக்கும் 'ரெஸ்ட்', போலீஸ் செய்யும் 'அரெஸ்ட்' எல்லாம் அந்த வேரில் வந்தவை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த 'ரெஸ்டிவ்', முன்னே போக மறுத்து நின்றுவிடும் குதிரையைக் குறித்தது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சண்டி. நுகத்தில் பூட்டியதுமே படுத்துக்கொள்ளும் காளையை அப்பா அப்படித்தான் சொல்வார். அதட்டி ஓட்டினால் சும்மா நிற்குமா? தலையைச் சிலுப்பும், பின்னுக்கு இழுக்கும், உதைக்கும். நகராமல் நிற்பதைச் சொன்ன சொல் அந்தத் திமிறலைச் சொல்ல வந்தது இப்படித்தான்.

எங்கே போடுவது என்று குழம்பினால், கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பிடியோ, கட்டுப்பாடோ, காக்கவைப்பவரோ இருந்து, அதை எதிர்த்துப் பொறுமையிழந்தால் 'ரெஸ்டிவ்'. தலைவர் மூன்று மணி நேரம் தாமதம், வெயிலில் கூட்டம் நெளிகிறது: 'தி க்ரௌட் க்ரூ ரெஸ்டிவ்.' காய்ச்சலில் குழந்தை இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தால் அது 'ரெஸ்ட்லெஸ்'. அங்கே யாரும் கயிறு பிடிக்கவில்லை. நம் பேச்சில் 'இருப்புக்கொள்ளவில்லை' என்கிறோமே, அதுதான். 'ரெஸ்ட்லெஸ் நைட்' சரி, 'ரெஸ்டிவ் நைட்' வேண்டாம்.

'க்ரோ', 'கெட்', 'பிகம்' ஆகிய வினைகளோடு இது நன்றாகச் சேரும். உச்சரிப்பு 'ஃபெஸ்டிவ்' போலத்தான், அழுத்தம் முதல் அசையில்.

தமிழில் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்காதீர்கள். மாகாணத்துக்கு இப்போது 'கொந்தளிப்பான' என்று எழுதுகிறேன். கூட்டத்துக்குப் 'பொறுமையிழந்த', குதிரைக்கு 'முரண்டு பிடிக்கும்'.